திருநாளில் பிள்ளைக்கு ஒரு வேலை

(மேற்குச் சிட்னியின் வில்லாவுட்டில் பெற்றோரும் வாரவிடுமுறைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்த இடம் இந்நாட்டின் பழங்குடியினரான டாருக் மக்களின் நிலம். அவர்களுள் கப்ரோகல் குலத்தார் வாழ்ந்த நிலம். மரப்பட்டை நாரை உரித்து முறுக்கி மீன்பிடிக் கயிறாக்கும் வித்தையைப் பிள்ளைகளுக்குக் கைப்பிடித்துக் கற்றுக்கொடுத்த மூத்தோர் இங்கே இருந்தார்கள். கைவேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிற எனக்கு அவர்களை வணங்காமல் தொடங்க மனமில்லை.

இந்து, சீக்கியத் திருநாட்களில் பிள்ளைகள் செய்யக்கூடிய கைவேலைகளைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டது மிகவும் பொருத்தம். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியாவில் இந்துக்கள் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர், சீக்கியர்கள் சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம் பேர். வீட்டில் தமிழ் பேசுவோர் 95 ஆயிரத்துக்கும் மேல்; பஞ்சாபி பேசுவோர் 2 லட்சத்து 39 ஆயிரம் அளவில். மேற்குச் சிட்னியில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். நாட்காட்டியைப் புரட்டினால் திருநாட்களும் அப்படியேதான் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருநாளில் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். அந்த வேலையைப் பிள்ளை செய்யாவிட்டால் திருநாளில் ஏதோ ஒன்று நடக்காமல் நின்றுபோக வேண்டும். அப்படிப்பட்ட வேலையைக் கொடுங்கள்.

நம் மண்டபங்களில் இப்போது என்ன நடக்கிறது? பெரியவர்கள் சமைக்கிறோம், அலங்கரிக்கிறோம், பூசை செய்கிறோம். பிள்ளைகளுக்கு ஒரு மூலையில் மேசை போட்டு, அச்சடித்த விளக்குப் படத்தையும் நிறப் பென்சிலையும் கொடுத்து உட்கார வைக்கிறோம். தீட்டிய தாள் வீட்டுக்குப் போகும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு கிழமை தொங்கும். பிறகு குப்பைக்குப் போகும். அந்தத் தாள் இல்லாவிட்டாலும் தீபாவளி நடந்திருக்கும். இது பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தன்னைச் சும்மா இருக்க வைப்பதற்காகக் கொடுத்த வேலை எது, தன் கையை நம்பிக் கொடுத்த வேலை எது என்பதை ஐந்து வயதுப் பிள்ளை துல்லியமாக அறியும்.

ஊரில் நமக்கு யாரும் கைவேலை வகுப்பு நடத்தவில்லை. மாவிலை பறித்து வா என்றார்கள். குருத்தோலையைக் கிழித்துத் தோரணம் பின்னச் சொன்னார்கள். விளக்குத் திரி திரிக்கச் சொன்னார்கள். கொலுவுக்கு மணல் அள்ளி வரச் சொன்னார்கள். நாம் திரித்த திரிதான் எரிந்தது. நாம் பின்னிய தோரணம்தான் வாசலில் ஆடியது. திருநாள் நம்முடையது என்ற உரிமை அந்த வேலையால்தான் வந்தது.

இங்கே அதை அப்படியே செய்ய முடியாது. பருவம் தலைகீழ், சட்டம் வேறு, மரம் செடி வேறு. ஊரிலிருந்து மாவிலையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும் முடியாது. விமான நிலையத்தின் உயிரியல் பாதுகாப்பு அதிகாரிகள் எடுத்துவிடுவார்கள், அது நியாயமும்கூட. ஆகவே இந்த ஊரின் ஆண்டு ஓட்டத்தோடு நம் திருநாட்களை வைத்து, எதை யார் கையில் கொடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சனவரி. பெரும்பாலும் 13ஆம் தேதியை ஒட்டித் தமிழ்நாட்டில் போகி, பஞ்சாபில் லோஹ்ரி. இரண்டும் தீ மூட்டும் நாட்கள். இங்கேயோ அது கொதிக்கும் கோடை. நியூ சவுத் வேல்ஸில் அக்டோபர் முதல் மார்ச் முடியக் காட்டுத்தீ அபாயக் காலம். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் முற்றத்தில் விறகு வைத்து மூட்டுவது குற்றம். ஆனால் தீ இல்லாத பாதி ஒன்று இந்த இரண்டு நாட்களிலும் இருக்கிறது, அந்தப் பாதி பிள்ளைகளுடையது. லோஹ்ரியில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போய் எள்ளுருண்டையும் நிலக்கடலையும் வாங்கி வருவார்கள். போகியில் பழையன கழிக்க வேண்டும். பள்ளி விடுமுறைதானே, பிள்ளையே தன் அலுமாரியைத் திறந்து, சிறுத்துப்போன உடுப்பையும் விளையாடி முடித்த பொம்மையையும் தெரிந்தெடுக்கட்டும். அவற்றை எரிக்காமல் இன்னொரு பிள்ளைக்குப் போகும்படி கட்டி வைக்கட்டும். எதை விடுவது, எதை வைப்பது என்ற முடிவு பிள்ளையுடையதாக இருக்கட்டும். அன்று மாலை பஞ்சாபி வீட்டுப் பிள்ளைகள் பாட்டோடு வந்தால், நம் பிள்ளைகள் எள்ளுருண்டையோடு வாசலில் நிற்கட்டும்.

அடுத்து வருவது தைப்பொங்கல். இங்கே முதல் வேலை கோலம். கோலத்தைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களில் கோலங்களை எடுத்து ஆராய்ந்து, அவற்றில் மறைந்திருக்கும் ஒழுங்கைக் கணினி அறிவியலின் இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். புள்ளி வைத்து, எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் சிக்குக் கோலம் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும் பொறுமையையும் கணக்கையும் எந்தப் பயிற்சித்தாளும் கொடுக்காது. ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்றுக்கு மூன்று புள்ளி போதும். முதலில் வீட்டின் காங்கிரீட் வாகனப் பாதையில் சுண்ணக்கட்டியால் பழகட்டும். பொங்கலன்று அரிசி மாவால் போடட்டும். மாவைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நழுவவிடும் பக்குவம் வர நாள் எடுக்கும். கோடு தடிக்கும், உடையும், கோணும். கோணிய கோலத்தைத் திருத்தப் போகாதீர்கள். அந்தக் கோலத்தின் நடுவில்தான் அடுப்பை வையுங்கள். தீத்தடை நாளாக இருந்து பானையை வீட்டுக்குள் எரிவாயு அடுப்பில் வைக்க நேர்ந்தாலும் வாசற்கோலம் அப்படியே இருக்கட்டும். எறும்பு வந்து மாவைத் தின்னும். அதையும் பிள்ளை பார்க்கட்டும். கோலத்தை அரிசி மாவால் போட்டதற்கு நம் முன்னோர் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

யாழ்ப்பாணத்து வழக்கத்தில், பால் பொங்கி வழிந்ததும் வீட்டுத் தலைவர் இரு கையாலும் அரிசியை அள்ளிப் பானையைச் சுற்றி இடுவார். பிறகு வீட்டார் ஒவ்வொருவரும் இடுவார்கள். கடைசிப் பிள்ளைவரை அந்த முறை வரவேண்டும். பானையைக் கவனிக்கும் பொறுப்பை ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். பால் எழும்பும் நொடியைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டியது அந்தப் பிள்ளை. மற்ற எல்லோரும் அந்தக் குரலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

பொங்கலோடு பட்டத்தையும் சொல்ல வேண்டும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டியை அறியாத ஈழத்தவர் இல்லை. எட்டுமூலை, கொக்கு என்று பட்டத்துக்குப் பெயர்கள் உண்டு. காற்றில் இரையும்படி விண் பூட்டுவதும் உண்டு. அங்கே பட்டத்தை ஏற்றுவது வடகிழக்குப் பருவக்காற்று. சிட்னியின் கோடை மாலையிலும் கடலிலிருந்து வடகிழக்குக் காற்றுத்தான் வருகிறது. நம் மேற்குப் புறநகர்களை அது பிற்பகல் கடந்துதான் எட்டும். மூங்கில் ஈர்க்கை வளைத்து, நூல் கட்டி, மெல்லிய தாள் ஒட்டி, வால் நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் அந்த வேலையை மாமாவோ அப்பப்பாவோ பிள்ளையோடு உட்கார்ந்து செய்யலாம். காற்றே பரீட்சை வைக்கும். பட்டம் ஏறினால் வேலை சரி. தலைகீழாகக் குத்தினால் சூத்திரத்தை மறுபடி கட்ட வேண்டும். ஒன்று மட்டும்: பேங்க்ஸ்டவுன் விமான நிலையம் நமக்கு அருகில் இருக்கிறது. விமான நிலையத்தை ஒட்டிப் பட்டம் விடுவதற்கு விதிகள் உண்டு. அவற்றைப் பார்த்துவிட்டு இடத்தைத் தெரிந்தெடுங்கள்.

ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டும் வைசாகியும் சேர்ந்தே வரும். இரண்டுக்கும் அடிப்படை சூரிய மாதக் கணக்கு. 1699இல் ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் கால்சா என்ற சீக்கியச் சமய அமைப்பை நிறுவியது வைசாகி நாளில். அந்த நாளை ஒட்டிச் சீக்கியர் கோவில்களான குருத்துவாராக்களில் கொடிக்கம்பத்தை இறக்கிக் கழுவி, அதன் பழைய துணியைக் களைந்து புதிய துணி போர்த்துவார்கள். பெரியவர்களோடு சிறுவர்களும் கம்பத்தைத் துடைப்பார்கள். அவர்களுக்கு அது வழிபாடு.

நம் பக்கம் புத்தாண்டுக்குக் கனித்தட்டு அடுக்கும் வழக்கம் தமிழகத்தின் தென்மாவட்டங்களில் உண்டு. ஈழத்தில் தலையில் வைத்து நீராடும் மருத்துநீரும், பெரியவர்கள் கையால் பணம் பெறும் கைவிசேஷமும் உண்டு. இங்கே அது இலையுதிர் காலம். மாம்பழம் முடிந்திருக்கும்; மாதுளையும் அத்தியும் ஆப்பிளும் பெர்சிமன் எனும் சீமைப் பனிச்சையும் கடையில் நிறைந்திருக்கும். முதல் நாள் இரவு தட்டை அடுக்கும் வேலை முழுவதையும் பிள்ளையிடம் விடுங்கள். கண்ணாடி எங்கே, பழம் எங்கே, நாணயம் எங்கே என்று பிள்ளையே வைக்கட்டும். விடிந்ததும் வீட்டில் எல்லோரும், அம்மம்மா முதற்கொண்டு, முதலில் காண்பது அந்தப் பிள்ளை அடுக்கியதைத்தான்.

இந்த இடத்தில் சீக்கியரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். ரெவஸ்பியிலோ கிளென்வுட்டிலோ உள்ள குருத்துவாராவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், எல்லோருக்கும் உணவிடும் லங்கர் பந்தி நடக்கும் கூடத்தில் உட்காருங்கள். வரிசையில் தரையில் இருப்பவர்களுக்கு ரொட்டி கொண்டுவருவது பல நேரம் ஒரு சிறுமியாக இருக்கும். தண்ணீர் ஊற்றுவது ஒரு பையனாக இருக்கும். ரொட்டியை இரு கையாலும் நீட்டுவாள். நாமும் இரு கையாலும் வாங்க வேண்டும். சமையற்கூடத்தில் மாவு உருட்டும் பெண்கள் நடுவில் ஒரு பிள்ளை நின்று தன் அளவுக்கு உருட்டும். அந்த உருண்டை சற்றுக் கோணலாக இருந்தாலும் கல்லில் வெந்து, யாரோ ஒருவர் தட்டில் விழும். சேவை என்பதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே அந்தப் பிள்ளைகளின் கை அதைப் படித்துவிடுகிறது. அவுஸ்திரேலியாவின் முதல் குருத்துவாரா வுல்கூல்காவில் 1968இல் எழுந்தது. வாழைத் தோட்டங்களில் பாடுபட்ட குடும்பங்களின் ஊர் அது. அரை நூற்றாண்டு கடந்தும் இந்தப் பழக்கம் தளராமல் இருப்பதில் பிள்ளைகளுக்குக் கொடுத்த அந்த இடத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

யூலையில் ஆடிப்பிறப்பு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் அதைப் பற்றிப் பிள்ளைகளுக்காகப் பாடிய பாட்டை அறியாத ஈழத்துப் பிள்ளை முன்பு இருந்ததில்லை. ஊரில் வெயிலில் குடித்த ஆடிக்கூழ் இந்த நாட்டின் நடுக்குளிரில் இன்னும் சுவைக்கிறது. கொழுக்கட்டைக்கு மாவைத் தட்டி, பயறும் சர்க்கரையும் வைத்து மடித்ததும், விளிம்பை நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பல் வைப்பது பிள்ளையின் வேலை. சிறு விரலுக்கென்றே அமைந்த வேலை அது. சரியாக ஒட்டாவிட்டால் வேகும்போது வாய் பிளந்துவிடும்; அடுத்த கொழுக்கட்டையில் பிள்ளை தானே இறுக்கிக் கிள்ளும்.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி. களிமண்ணில் பிள்ளையார் செய்வது தமிழகத்தில் எல்லோரும் அறிந்த வேலை. கண்ணுக்குக் குன்றிமணி வைப்பார்கள். அந்த விதை கொடிய நஞ்சு, சிறுபிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம், மிளகு போதும். அதைவிட எளியது மஞ்சட் பிள்ளையார். மஞ்சள் தூளை நீர் தெளித்துப் பிசைந்து, கூம்பாகப் பிடித்து, உச்சியில் அறுகம்புல் செருகினால் பிள்ளையார் வந்துவிடுவார். அந்த அறுகம்புல்லை எங்கே வாங்குவது என்று பலர் கேட்கிறார்கள். நீங்கள் ஒவ்வொரு கிழமையும் இயந்திரம் ஓட்டி வெட்டும் புல்வெளியில் அது இருக்கிறது. இந்நாட்டில் கவுச் என்று சொல்லும் புல் நம் அறுகுதான், ஒரே இனம். அதற்குப் பக்கத்திலேயே கிக்குயு என்ற ஆப்பிரிக்கப் புல்லும் வளர்ந்திருக்கும். அதன் இலை அகலம், மயிர் படர்ந்தது. அறுகு மெலிந்தது, நுனி கூரியது. மருந்து தெளிக்காத புல்வெளியாகப் பார்த்து, பிள்ளையை வெளியே அனுப்பி அறுகைத் தேடிப் பறித்து வரச் சொல்லுங்கள். தான் பந்து விளையாடும் தரையில் பிள்ளையாரின் புல் முளைத்திருக்கிறது என்று கண்ட பிள்ளை, இந்த ஊரை அந்நிய ஊராக எண்ணாது.

புல் தேடுவதைப் போலவே ஓலையும் தேடலாம். தென்னை சிட்னியில் காய்க்காது. ஆனால் கோக்கோஸ் பனை என்று இங்கே அழைக்கும் மரம் எத்தனையோ வீட்டுப் பின்முற்றங்களில் நிற்கிறது. அதன் ஓலை தென்னோலை போலவே இறகாகப் பிரியும். குருத்தை வெட்டினால் மரம் பட்டுப்போகும். கழித்துப் போட்ட பச்சை ஓலை இருந்தாலே கிளியும் வெட்டுக்கிளியும் தோரணமும் பின்னலாம். அம்மம்மாவின் கைக்கு அந்த மடிப்பு இன்னும் நினைவிருக்கும். பக்கத்தில் பிள்ளையை உட்கார வையுங்கள்.

நவராத்திரி இங்கே வசந்தத்தில் வருகிறது. கொலுப்படியின் அடியில் மணல் பரப்பி, வெந்தயமும் கடுகும் தூவிப் பூங்கா வளர்ப்பது பிள்ளையின் பொறுப்பு. கொலு வைப்பதற்கு ஒரு கிழமை முன்பே தூவி, நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டும். மறந்தால் பூங்கா காய்ந்துவிடும், வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். விசயதசமியன்று ஏடு தொடக்கும் சிறுபிள்ளைக்கு அரிசியைத் தட்டில் பரப்பி வைக்கும் வேலையைச் சென்ற ஆண்டுகளில் ஏடு தொடங்கிய பிள்ளை செய்யட்டும்.

இனித் தீபாவளிக்கு வருகிறேன். நியூ சவுத் வேல்ஸில் உரிமம் இல்லாதவர் வெடி கொளுத்த முடியாது. அதனால் வெடி இல்லாத தீபாவளி என்று சலித்துக்கொள்கிறோம். வெடி போனால் விளக்கு இருக்கிறது. பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைந்து உருட்டி, பெருவிரலால் குழித்து, நெய்யும் திரியும் இடும் மாவிளக்கு நம் கோவில் மரபு. பிசைவது, குழிப்பது, பஞ்சைத் திரிப்பது எல்லாம் பிள்ளை வேலை. ஏற்றும்போது மட்டும் பெரியவர் கை கூட இருக்க வேண்டும். எரிந்து தணிந்த பிறகு அதைப் பகிர்ந்து உண்ணலாம்.

அதே நாட்களில் சீக்கியர் கொண்டாடுவது பந்தி சோர் நாள், சிறைமீட்ட நாள். இந்தக் கதையை வேறு எந்த ஊரையும்விட வில்லாவுட்டில் நின்று சொல்லத்தான் வேண்டும். முகலாயப் பேரரசன் ஜஹாங்கீர் ஆறாவது குருவான ஹர்கோபிந்தைக் குவாலியர்க் கோட்டையில் அடைத்து வைத்தான். அங்கே வேறு 52 அரசர்களும் சிறையில் இருந்தார்கள். குருவை விடுவிக்க ஆணை வந்தது. 1619 என்பது மரபு சொல்லும் ஆண்டு. தன்னோடு இருந்தவர்களை விட்டுப் போக குரு மறுத்தார். அவருடைய மேலங்கியைப் பற்றிக்கொண்டு எத்தனை பேர் வர முடியுமோ அத்தனை பேர் வரலாம் என்று ஆணை தளர்ந்தது. குரு 52 குஞ்சங்கள் தொங்கும் மேலங்கி ஒன்றைத் தைக்கச் செய்தார். ஆளுக்கொரு குஞ்சத்தைப் பற்றிக்கொண்டு அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். குவாலியர்க் கோட்டையில் அந்த நினைவாக இன்றும் குருத்துவாரா இருக்கிறது.

இதைப் பிள்ளைகளோடு இப்படிச் செய்யலாம். பழைய படுக்கை விரிப்பு ஒன்று மேலங்கி ஆகட்டும். உள்ளங்கை அகல அட்டையில் கம்பளி நூலைச் சுற்றி, ஒரு முனையில் முடிந்து, மறுமுனையில் வெட்டினால் குஞ்சம். 13 பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் ஆளுக்கு நான்கு; 26 பேர் என்றால் ஆளுக்கு இரண்டு. 52ம் கட்டி முடித்த பிறகு ஒருவர் மேலங்கியைப் போர்த்திக்கொள்ள, பெற்றோரும் பிள்ளைகளும் ஆளுக்கொரு குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்தை விட்டு வாசலுக்கு நடக்க வேண்டும். குஞ்சம் கிடைக்காதவர் உள்ளேயே நிற்க வேண்டும். ஒரு பிள்ளை சோம்பலால் ஒன்று குறைத்துக் கட்டினால் ஒருவர் சிறையில் தங்கிவிடுவார். நான் தொடக்கத்தில் சொன்ன வேலை இதுதான்: பிள்ளையின் கை செய்யாவிட்டால் நடக்காத வேலை.

இதை வில்லாவுட்டில் நின்று சொல்ல வேண்டும் என்று ஏன் சொன்னேன்? இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. 1949 முதல் அந்த இடம் குடியேறிகள் தங்கும் விடுதியாக ஆனது. ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்கள் தகரக் குடிசைகளில் தங்கின. ஒல்லாந்திலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் வந்து அந்த விடுதியில் சந்தித்த இளைஞர்கள் 1964இல் ஈஸிபீட்ஸ் என்ற இசைக்குழுவை அமைத்து இந்நாட்டின் இசையையே மாற்றினார்கள். 1970களின் பிற்பகுதியில் இந்தோசீன அகதிகள் வந்தார்கள். இன்று பக்கத்துக் கப்ரமட்டாவில் நடுஇலையுதிர் நிலா விழாவில் அவர்களின் பேரப்பிள்ளைகள் கூண்டு விளக்கேந்திப் போகிறார்கள். இலங்கையில் வெசாக் விழாவின் விளக்குக் கூடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது அந்நியமல்ல. 1976 முதல் இதே வில்லாவுட்டில் குடிவரவுத் தடுப்பு முகாம் இருக்கிறது. ஈழத் தமிழ்த் தாய்மாரும் பிள்ளைகளும் அங்கே நீண்ட காலம் காத்திருந்திருக்கிறார்கள்.

தடுப்பு முகாம்களில் இருந்த பிள்ளைகளைப் பற்றி அவுஸ்திரேலிய மனித உரிமைகள் ஆணையம் 2014இல் விசாரணை நடத்தியது. மறக்கப்பட்ட குழந்தைகள் என்ற பெயரில் வந்த அறிக்கையில் அந்தப் பிள்ளைகள் வரைந்த படங்களும் இருந்தன. கம்பிக்குப் பின்னால் அழும் முகங்களை அவர்கள் வரைந்திருந்தார்கள். பெரியவர்களின் சாட்சியம் சொல்லாததை அந்தச் சிறு கைகள் சொல்லின. பிள்ளையின் கை செய்வதை நாம் அற்பமாக எண்ணலாகாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த ஊரில் 52 குஞ்சங்களின் கதையைச் சொன்னால், இங்கேயும் ஆட்கள் அடைபட்டிருக்கிறார்களா என்று ஒரு பிள்ளை கேட்கும். பேச்சை மாற்றாதீர்கள். ஆம் என்று சொல்லி, பிள்ளை தாங்கக்கூடிய அளவுக்கு விளக்குங்கள். திருநாள் அந்தக் கேள்விக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

கார்த்திகையில் விளக்கீடு. ஊரில் வாசலில் வாழைக்குற்றி நாட்டி மேலே விளக்கு வைப்போம். தடியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்துப் பந்தம் கொளுத்துவோம். தமிழகத்தில் பனம்பூக் கரியைக் கட்டிப் பொறி பறக்கச் சுழற்றும் மாவலி உண்டு. தீ அபாயக் காலத்தில் பந்தமும் மாவலியும் இங்கே கூடாது. அகல்விளக்கு போதும். சூரியன் மறையவே இரவு எட்டு மணியை நெருங்கும்; அன்று பிள்ளையைப் பிந்தித் தூங்க விடுங்கள். குரு நானக்கின் பிறந்தநாளும் வடநாட்டுக் கணக்கின் கார்த்திகைப் பௌர்ணமியில்தான் வரும். 2021இல் இரண்டும் நவம்பர் 19 அன்றே வந்தன. அப்படிச் சேரும் ஆண்டுகளில், நம் பிள்ளை ஏற்றிய ஒரு விளக்கைத் தட்டில் வைத்துப் பஞ்சாபி வீட்டுக்குப் பிள்ளையே கொண்டுபோகட்டும்.

இனி ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் சில சொற்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். ஞாயிறு காலை மூன்று மணிநேரத் தமிழ் வகுப்பில் எழுத்தும் கற்பிக்க வேண்டும், கதையும் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரே வகுப்பில் ஆறு கைவேலைகளை அவசரமாகச் செய்யாதீர்கள். ஒரு பள்ளிப் பருவத்துக்கு ஒரு வேலை போதும். கோலமென்றால் பத்து வாரமும் கோலம். பத்தாவது வாரம் அந்தக் கை தேறியிருக்கும். சொல்லும் அப்போதே சேரும். பிசை, குழி, திரி, முடி, கிள்ளு, மடி, செருகு என்ற வினைச்சொற்களைப் பலகையில் எழுதினால் பிள்ளை அடுத்த வாரம் மறக்கும். மாவு கையில் இருக்கும்போது கேட்ட சொல்லை மறக்காது. தமிழ் தங்க வேண்டும் என்று கவலைப்படுகிற நாம், தமிழில் செய்யும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும்.

வீடு அழுக்காகும் என்பீர்கள். ஆகும். துடைப்பதும் அந்த வேலையின் பகுதி. அதையும் பிள்ளையே செய்யட்டும்.

சரியாக வராது, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பீர்கள். இதுதான் பெரிய தடை. நம் சபையில் எல்லாம் படத்தில் வருவதுபோல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். கடையில் வாங்கிய தோரணம், ஒட்டும் கோலம், மின்கலத்தில் எரியும் விளக்கு எல்லாம் அழகுதான். அவற்றைத் தொங்கவிட்ட வீட்டில் பிள்ளை விருந்தாளியாகவே வளரும். விருந்தாளி ஒருநாள் விடைபெற்றுக்கொண்டு போய்விடுவார். வீட்டின் ஆள் போவதில்லை. ஏனென்றால் அவர் இல்லாமல் சில வேலைகள் நடக்காது.

பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளைகள் கோவிலுக்கு வர மறுக்கிறார்கள் என்று வருந்துகிறோம். அந்த வயதில் தொடங்கினால் கடினம். ஐந்து வயதில் கையில் கொடுத்த வேலையைப் பத்து வயதில் கொஞ்சம் பெரிதாக்குங்கள். பதினைந்தில் அந்த வேலையின் பொறுப்பையே கொடுங்கள். கோலம் போட்ட பிள்ளை, பிறகு சிறுவர்களுக்குக் கோலம் கற்பிக்கட்டும். சீக்கியக் குடும்பத்தில் தலைப்பாகை கட்டப் பழகிய அண்ணன் தம்பிக்குக் கட்டிவிடுகிறான். இரண்டாம் தலைமுறையின் கையில் கற்பிக்கும் பொறுப்பு வந்துவிட்டால், நாம் கவலைப்பட வேண்டிய காலம் முடிந்துவிடும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் அடுத்து வரும் திருநாள் எது என்று பாருங்கள். அதில் நீங்கள் ஆண்டாண்டாகச் செய்துவரும் ஒரு வேலையைத் தெரிந்தெடுங்கள். சிறியதாக இருக்கலாம், ஆனால் அது இல்லாமல் அந்த நாள் நிறைவடையாத வேலையாக இருக்க வேண்டும். அதை உங்கள் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். எப்படிச் செய்வது என்று ஒருமுறை காட்டுங்கள், பிறகு கையை எடுத்துவிடுங்கள். பிந்தினாலும் காத்திருங்கள். தமிழ் வீடானாலும் பஞ்சாபி வீடானாலும் அந்தக் காத்திருப்பு ஒன்றுதான். நாம் காத்திருப்பதைப் பார்க்கும் பிள்ளை, தான் இந்த மரபுக்கு வேண்டிய ஆள் என்று அறிந்துகொள்ளும்.